தட்டைத் தொடாதீங்க, கேப்டன்!

அவளை வீட்டில் எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டப் பந்தயத்தில் அவள் மின்னல். சாப்பாட்டில்தான் ஆமை. ஒரு வாய் சாப்பிடுவாள், ஜன்னல் பக்கம் பார்ப்பாள், எதையோ யோசிப்பாள், அதற்குப் பிறகுதான் அடுத்த வாய்.

அவளுடைய அம்மா முதியோர் குடியிருப்பு ஒன்றில் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவர். பள்ளிக்கு விடுமுறை என்றால் ஆமையும் அம்மாவோடு கிளம்பிவிடுவாள். அங்கே இருக்கும் பெரியவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒருவர் தினமும் நீச்சலடிப்பார். இன்னொருவர் கிதார் கற்றுக்கொள்கிறேன் பேர்வழி என்று பக்கத்து அறைக்காரரின் தூக்கத்தைக் கெடுப்பார்.

அவர்களில் ஒருவர்தான் கேப்டன் தாத்தா. அவர் கப்பலும் ஓட்டியதில்லை, விமானமும் ஓட்டியதில்லை. பெரிய ஹோட்டலில் பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவர். அந்த வேலைக்குப் பெயரே கேப்டன்தான். ஓய்வு பெற்ற பிறகும் அதே மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, இடது கையில் அதே வெள்ளைத் துண்டு. சாப்பாட்டு மணி அடித்தால் முதல் ஆளாக வந்து நிற்பார். சாப்பிட அல்ல! மேஜை மேஜையாகப் போய் எல்லோரையும் கவனிப்பதற்கு.

வம்பு அதில்தான் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சிலருடைய தட்டு காணாமல் போனது.

"இருமறதுக்காக ஸ்பூனைக் கீழ வச்சேன். திரும்பிப் பார்த்தா புட்டிங்கைக் காணோம்!" என்று அங்கே குடியிருக்கும் கணக்கு டீச்சர், ஆமையின் அம்மாவிடம் பொரிந்து தள்ளினார். "இனிமே ஒரு கையால தட்டைப் பிடிச்சுக்கிட்டேதான் சாப்பிடணுமா? இது சாப்பாட்டுக் கூடமா, பஸ் ஸ்டாண்டா?"

டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆயிற்று. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் ஆமை தன்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டாள்.

"கேப்டன்கிட்ட எத்தனை தடவை சொல்லிப் பார்த்துட்டேன், டீச்சர். 'சரிம்மா, சரிம்மா'ங்கறார். அடுத்த வேளையே மறுபடியும் எடுத்துடறார்" என்றார் அம்மா. "வேற வழியே இல்ல. நாளையிலிருந்து அவர் சாப்பாட்டை ரூமுக்கே அனுப்பிடறேன்."

ஆமைக்குத் திக்கென்றது. கேப்டன் தாத்தாவின் அறையை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு டிவி. அங்கே அவர் யாரைக் கவனிப்பார்? யாரிடம் "இன்னும் கொஞ்சம் சூப் வேணுங்களா?" என்று கேட்பார்? பாவம், அவர் சட்டைக்கு இஸ்திரி போடுவதையே விட்டுவிடுவார் என்று தோன்றியது.

யோசித்தபடியே தன் மேஜையில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்ட ஆமை, ஸ்பூனையும் முள்கரண்டியையும் தட்டில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். மதில் மேல் ஓர் அணில் ஓடியது. அது போன பிறகு திரும்பினால், அவள் தட்டும் போயே போச்சு!

"தாத்தா! நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கவே இல்லையே!"

தட்டோடு நடந்துகொண்டிருந்த கேப்டன் தாத்தா அப்படியே நின்றார். முகம் சுருங்கிவிட்டது. "அடடா, மறுபடியும் பண்ணிட்டேனா? மன்னிச்சுக்கோம்மா. நீதான் எடுத்துக்கச் சொன்னேன்னு நினைச்சுட்டேன்."

"நான் வாயே திறக்கலையே?"

"வாயால இல்லம்மா, ஸ்பூனால. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல படுக்க வச்சிருந்தே. எங்க ஹோட்டல்ல அப்படி வச்சா முடிச்சாச்சுன்னு அர்த்தம். ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கே வச்சா, இன்னும் சாப்பிடறேன், தொடாதேன்னு அர்த்தம். காலம் பூரா அதைப் பார்த்துப் பார்த்தே பழகிட்டேன். நேரா வச்சிருக்கறதைப் பார்த்தா கை தானாப் போயிடுது. நானும் என்னதான் பண்ணுவேன், சொல்லு?"

ஆமை கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அட, ஆமாம்! இருமுகிறவர்கள், கதை பேசுகிறவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள் எல்லோருமே ஸ்பூனையும் முள்கரண்டியையும் நேராகத்தான் வைத்திருந்தார்கள். எடுத்துக்கொள் என்று அவர்களே சொல்லிவிட்டு, எடுத்த பிறகு சண்டை போடுகிறார்கள்!

அவள் நேராகக் கணக்கு டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், ஸ்பூனையும் முள்கரண்டியையும் இப்படி வைங்களேன்."

"ஏன்? இந்த வயசுல ஸ்பூன் வைக்க நான் பாடம் படிக்கணுமா?"

"பாடம் இல்ல, டீச்சர். உங்களுக்குத் தெரிஞ்ச கணக்குதான். குறுக்கே வச்சா பெருக்கல் குறி. தட்டைத் தொடாதேன்னு அர்த்தம். பக்கத்துல பக்கத்துல வச்சா சமக்குறி. எடுத்துக்கோன்னு அர்த்தம். கேப்டன் தாத்தாவுக்கு இது ரெண்டும்தான் தெரியும்."

டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ஸ்பூனைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். பிறகு நேராக வைத்துப் பார்த்தார். மெல்ல ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "பரவாயில்லையே! சமக்குறி போட்டா கணக்கு முடிஞ்சது. சரியாத்தானே இருக்கு?"

அவ்வளவுதான். டீச்சர் எழுந்து கையைத் தட்டினார். கூடமே வகுப்பறை ஆகிவிட்டது. "எல்லாரும் இங்க கவனிங்க! ஸ்பூனைக் கையில எடுங்க!" கிதார்க்காரர்கூட வாயை மூடிக்கொண்டு கவனித்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது எல்லோர் கண்ணும் டீச்சரின் மேஜை மேல்தான். ஸ்பூனையும் முள்கரண்டியையும் அவர் பெருக்கல் குறியாக வைத்தார். வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேப்டன் தாத்தா வந்தார். கை நீண்டது. பாதி வழியில் அந்தக் கை நின்றது.

"நிதானமாச் சாப்பிடுங்க, மேடம்" என்று தலை குனிந்து சொல்லிவிட்டுத் தாத்தா அடுத்த மேஜைக்கு நகர்ந்தார். கூடம் முழுக்கக் கைதட்டல்!

"ரூமுக்கெல்லாம் அனுப்ப வேண்டாம்" என்றார் டீச்சர் அம்மாவிடம். "இவ்வளவு மரியாதையா என்னை யாரும் கவனிச்சதே இல்ல." அம்மா ஆமையின் தலையைச் செல்லமாகக் கலைத்துவிட்டார்.

எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். மிச்சம் இருந்தது ஆமை மட்டும்தான். கேப்டன் தாத்தா அவள் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"தாத்தா, நீங்க எப்ப சாப்பிடுவீங்க?"

"கடைசி ஆள் முடிக்கட்டும்மா. ஹோட்டல்ல நாங்க உட்கார்ந்தா சாப்பிட்டோம்? சமையல்கட்டு ஓரமா நின்னுக்கிட்டே ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டு ஓடிடுவோம்."

"கடைசி ஆள் நான்தான். நான் முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு அம்மாகிட்ட கேளுங்க. அதுவரைக்கும் உட்காருங்க."

அவர் கையிலிருந்த துண்டை வாங்கித் தன் கையில் போட்டுக்கொண்டாள். சூடான சூப், ரொட்டி, ஒரு தட்டு புட்டிங் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தாள். "இன்னும் கொஞ்சம் சூப் வேணுங்களா, சார்?"

தாத்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவசர அவசரமாக நாலு வாய் சாப்பிட்டார். புட்டிங் தட்டில் பாதி அப்படியே இருக்க, பழக்கதோஷத்தில் ஸ்பூனையும் முள்கரண்டியையும் நேராக வைத்துவிட்டு எழப்போனார்.

ஆமை சட்டென்று தட்டை நோக்கிக் கையை நீட்டினாள்.

கேப்டன் தாத்தா அந்தக் கையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மறுபடியும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஸ்பூனை எடுத்து முள்கரண்டியின் மேல் குறுக்கே வைத்தார்.

"கையை எடும்மா. என் கணக்கு இன்னும் முடியல."