டெஃபனிட்லி முருகேசன்

போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் நாகஜோதி எடுத்தார். நத்தம் ரோட்டுப் புளி குடோனில் ஒரு பிணம்...!

இறந்தவர் முதலாளி மலைச்சாமி. மூட்டைகளுக்கு நடுவே மண்டை பிளந்து கிடந்தார். பக்கத்தில் ஐந்து கிலோ எடைக்கல்.

மேனேஜர் முருகேசன் சாட்சி சொன்னார். ஒரு மணிக்கு வந்தாராம். கதவு திறந்து கிடந்ததாம். நாதாங்கியில் பூட்டும் திறந்தபடி தொங்கியதாம். வாட்ச்மேன் பேச்சிமுத்து உள்ளேயிருந்து ஓடி வந்தாராம்.

"அப்ப சாவி எங்க இருந்துச்சு?"

"அவன் இடுப்புல மேடம். டெஃபனிட்லி."

போலீஸ் வந்தபோது கதவு பூட்டியிருந்தது. சாவி பேச்சிமுத்துவின் இடுப்பில்தான் இருந்தது. டீ குடித்துவிட்டு வந்து பிணத்தைப் பார்த்ததாகவும், பயத்தில் பூட்டிவிட்டதாகவும் அழுதார். யாரும் நம்பவில்லை. ஐந்து மணிக்குக் கோர்ட்டு. அப்புறம் ஜெயில்தான். பாவம் மனுஷன்!

கான்ஸ்டபிள் இஷாக் மெல்லக் கேட்டான். "டெஃபனிட்லின்னா என்னங்க மேடம்?"

"நிச்சயமான்னு அர்த்தம். ஆனா நிச்சயமாத் தெரிஞ்சவன் 'ஆமா'ன்னுட்டுப் போயிருவான். எங்க வீட்டு பிளம்பர் மூணு மாசமா டெஃபனிட்லி நாளைக்கு வாரேன்கிறான்."

நாகஜோதி பூட்டைத் திறந்தார். சாவியோடு முருகேசனிடம் நீட்டினார்.

"பூட்டாம சாவியை மட்டும் உருவுங்க."

முருகேசன் இழுத்தார். திருகினார். பல்லைக் கடித்து இழுத்தார்...

சாவி வரவில்லை. வியர்வைதான் வந்தது.

"திண்டுக்கல் பூட்டு சார். இந்த ரகம் பூட்டினாத்தான் சாவியை விடும். பூட்டு திறந்து தொங்குறப்ப சாவி எப்படி அவர் இடுப்புக்குப் போகும்?"

முருகேசன் எட்டு வருஷமாக, "ஏலே தொற, ஏலே பூட்டு" என்று அதிகாரம் செய்தாரே தவிர, ஒரு நாளும் அந்தப் பூட்டைத் தொட்டதில்லை.

"முதலாளி வேலையை விட்டு நிக்கச் சொன்னாரு மேடம்... ஆத்திரத்துல கல்லைத் தூக்கிட்டேன்."

பேச்சிமுத்து கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். நாகஜோதிக்கு மனசு நிறைந்தது.

நல்ல நேரம் பார்த்து இஷாக் தலையைச் சொறிந்தான். "மேடம், தங்கச்சி கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு கேட்டிருந்தேன்..."

"டெஃபனிட்லி தாரேன் இஷாக்!"

இஷாக் வீட்டுக்கு போன் போட்டான்.

"அம்மா, என்னை எதிர்பார்க்காதீங்க... பிரியாணியை மட்டும் பார்சல் அனுப்பிருங்க!"