விட்டுக்கொடுத்த மதியம்

சூலூர் போகும் மாலைப் பேருந்தில் யாரும் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவதில்லை. ஏறியதும் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். தூக்கம் அல்ல, ஒத்திகை.

“இன்னிக்கு என்னடா பொய்?” என்று கேட்டார் குழந்தைசாமி.

பக்கத்தில் இருந்த மயில்சாமி, அலுவலக நண்பன், கண்ணைத் திறக்கவில்லை. “பரோட்டா திங்கல. இட்லிதான் தின்னேன். பேசாதடா, பரோட்டா உள்ள வருது.”

நினைவை மண்டையில் சுமக்கிற வழக்கம் ஒழிந்து ஒரு தலைமுறை ஆகிறது. பகலெல்லாம் காதோரம் ஒட்டியிருக்கும் நினைவுமணி அதைச் சேர்த்து வைக்கும். சாயங்காலம் வீட்டுக் கணினி, அதாவது பெட்டி, வாங்கிக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒத்திசைவு என்று பெயர், ஊரில் சிங்க். பெட்டிக்குள் போனது அழியாது, மங்கவும் மங்காது. மணியில் இருக்கும்வரைதான் நினைவு ஈரமண். நடந்ததையும், கண்ணை மூடி அழுத்தி நினைத்துக்கொண்டதையும் பிரித்துப் பார்க்க மணிக்குத் தெரியாது.

ஒரு வீட்டுக்கு ஒரு பெட்டி, ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு நினைவு. கணவன் மணியும் மனைவி மணியும் வேறுவேறு சொன்னால், “எதை வைக்கட்டும்?” என்று பெட்டி கேட்கும். ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். வைத்த நினைவுக்கு ஒவ்வாததையெல்லாம் பெட்டி இரண்டு மணிகளிலிருந்தும் துடைத்துவிடும். குழந்தைசாமி கல்யாணமான நாளிலிருந்து விட்டுக்கொடுத்தே வந்தவர். அதனால் குறட்டை விடுவது தான்தான், ஊட்டியில் சாவியைத் தொலைத்தது தான்தான், மாமனாரின் அறுபதாம் கல்யாணத்தில் பாயசத்தில் உப்பைப் போட்டதும் தான்தான் என்று அவருக்குச் சந்தேகமறத் தெரியும். சொந்த வாழ்க்கையில் தானே வில்லன் என்பதில் பெரிய வருத்தம் இல்லை. வீட்டில் சாப்பாடு நன்றாக இருந்தது.

அந்த மாமனார் இப்போது இல்லை. சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை பெட்டியைத் திறப்பதில்லை. நேற்றுத்தான் முடிந்தது. இன்று திறக்க வேண்டும்.

அவர் இறந்த அன்று மதியம் மகளுக்கு, அதாவது குழந்தைசாமியின் மனைவி சம்பூரணத்துக்கு, போன் செய்திருந்தார். அவள் பார்த்தாள். ‘அப்புறம் பேசிக்கலாம்’ என்று சத்தத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தாள். எழுந்தபோது அப்பா இல்லை. அன்றிலிருந்து சோற்றைப் பிசைகிறாள், தின்பதில்லை. அந்தத் திரும்பிப் படுத்தல் இன்று பெட்டிக்குள் போய்விட்டால், சாகும்வரை நேற்று நடந்ததுபோலவே இருக்கும்.

“நான் அன்னிக்கு மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன்,” என்று முணுமுணுத்தார் குழந்தைசாமி. “அவ தூங்கிட்டிருந்தா. போன் அடிச்சுது. நான்தான் அணைச்சேன்.”

மயில்சாமி கண்ணைத் திறந்துவிட்டான். “அன்னிக்கு நீ என்கூடக் கேன்டீன்ல புளிசாதம் தின்னயேடா. என்ற வடையையும் புடுங்கி!”

“பஸ்ஸ விட்டு எறங்கறதுக்குள்ள தின்னிருக்க மாட்டேன்.”

“மடையா, சிங்க் ஆயிருச்சுன்னா நீயும் அதையேதான் நம்புவ. நான் தியாகின்னு உள்ளுக்குள்ள பெருமைப்பட்டுக்கக்கூட முடியாது.”

“திட்டு வாங்கறது பழக்கந்தான். வாய மூடு, புளிசாதம் உள்ள வருது.”

வீட்டில் இருவரும் மணியைப் பெட்டியில் வைத்தார்கள். திரையில் ஒரே மதியம் இரண்டாக நின்றது.

“ஏனுங்க, அன்னிக்கு நீங்க வந்தீங்களா?”

“வந்தேன்.”

“அப்பறம் ஏன் சொல்லல?”

“பயம்.” அதற்கு மட்டும் அவருக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

“நான்தான் அணைச்ச மாதிரி இருக்குதுங்க எனக்கு.”

“தூக்கக் கலக்கம் புள்ள.”

எதை வைக்கட்டும் என்றது பெட்டி. வழக்கமாக முதலில் நீளும் விரல் அவருடையது. இன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சம்பூரணம் அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக, அவள் விட்டுக்கொடுத்தாள்.

மணிகள் ஒருமுறை அதிர்ந்து அடங்கின. மாமனாரின் கடைசி அழைப்பைத் தன் விரலே அணைத்தது குழந்தைசாமியின் கண்முன் நின்றது.

“மன்னிச்சுக்க புள்ள.” குரலில் நடிப்பு துளியும் இல்லை.

“பாவி மனுசா! தூக்கம் போனாப் போகுதுன்னு எழுப்பியிருக்கலாமல்ல?”

அழுதாள். திட்டினாள். அவருடைய வம்சத்தில் ஒருவரையும் விடவில்லை. திட்டிக்கொண்டே தட்டை எடுத்துவைத்துச் சோறு போட்டுக்கொண்டாள். மூச்சு வாங்கிய இடத்தில் ஒரு கவளம் உள்ளே போனது. அப்புறம் ரசத்தை இழுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் பேருந்தில் குழந்தைசாமி கண்ணை மூடவில்லை.

“மனசே சரியில்லடா. சோத்துக்கு வந்தவன் சும்மா தின்னுட்டுப் போயிருக்கலாம். அந்தப் போனத் தொட்டிருக்க வேண்டாம்.”

மயில்சாமி வாயைத் திறந்தான். அவன் வீட்டுப் பெட்டியில் அந்த மதியம் எப்போதோ பதிந்துவிட்டது. கேன்டீன், புளிசாதம், வடை, எதுவும் இனி அழியாது. வாயை மூடிக்கொண்டான்.

“தங்கச்சி சாப்பிட்டுச்சா?”

“நேத்துத்தான் வயிறாரச் சாப்பிட்டா. இன்னும் திட்டறா.”

மயில்சாமி பையிலிருந்து பொட்டலத்தைப் பிரித்து ஒரு வடையை நீட்டினான்.

“எதுக்குடா?”

“ஒருத்தனுக்குன்னு வாங்குனது. என்ற வடையைப் புடுங்கித் தின்னவன்.”

“எவன் அவன்?”

“உனக்குத் தெரியாது. நல்லவன். நீ தின்னு.”