பதிவில் இல்லாத ஹாரன்

பின்னால் ஒரு வண்டியும் இல்லை. ஆனாலும் காருக்குள் ஹாரன் கேட்டது.

இஞ்சினியர் கண்ணாடியைப் பார்த்தார். பகல் மூன்று மணி வெயிலில் மருத்துவமனைச் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சின்னக் கருவி பச்சையாகக் கண் சிமிட்டியது. அதைச் செய்தவரே அவர்தான். இந்தச் சாலையில் யார் ஹாரனை அழுத்தினாலும் வெளியே சத்தம் எழாது; அது கம்பியில்லா அலையாகப் போய், முன்னால் இருக்கும் வண்டியின் கருவிக்குள் மட்டும் மெல்லக் கேட்கும். அழுத்திய ஒவ்வொரு ஹாரனும் கட்டுப்பாட்டு அறையில் பதிவாகும். நோயாளிகள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது.

நடந்து போகிறவர் கையில் கருவி ஏது? போன வருஷம் பிரேக் பிடிக்காத ஒரு லாரி, வேலை முடிந்து நடந்துபோன நர்ஸம்மாவைப் பின்னாலிருந்து அடித்தது.

"கை வலிக்க வலிக்க அமுக்கினேன் ஐயா! அந்தம்மா திரும்பவே இல்லையே!" என்று கோர்ட்டில் கதறினார் லாரி டிரைவர்.

"பதிவுல அப்படி ஒண்ணும் இல்லைங்க," என்றார் இஞ்சினியர். பதிவை முந்தின நாளே அவர் அழித்திருந்தார். இருந்திருந்தால் திட்டத்துக்கு அன்றே மூடுவிழா. டிரைவர் சிறைக்குப் போன பத்தாம் நாள் தூக்கு மாட்டிக்கொண்டார்.

மறுபடியும் ஹாரன். கொஞ்சம் கிட்டத்தில்.

ஏசி காற்றில் டீசல் வாடை. ஈரச் சாக்கு வாடை. கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார்.

"எனக்குப் பின்னால யாருப்பா?"

"யாருமே இல்லையே சார். நம்ம கருவிக்கே பேய் பிடிச்சிருச்சா?" ஆபரேட்டர் சிரித்தான். சட்டென்று சிரிப்பு நின்றது. "சார்... ஒரு நம்பர் வருது. அந்த லாரி. அது போலீஸ் ஸ்டேஷன் வாசல்லதானே துருப்பிடிச்சு நிக்குது? வரிசையா ஹாரன் பதிவாகுது சார். போன வருஷத் தேதியில."

இஞ்சினியர் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். வெறும் சாலை.

"சார், இதை அப்படியே வச்சிடட்டுமா? பாவம் சார், அந்த டிரைவர் பொண்டாட்டி இன்னும் ஆபீஸ் ஆபீஸா அலையுது."

ஹாரன். காதோரத்தில்.

"அழிச்சுடு," என்றார்.

"சார்..."

"அழிடா!"

பச்சை விளக்கு அணைந்தது. நிசப்தம். அப்பாடா என்று காரை ஓரங்கட்டி, சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு வெளியே இறங்கினார். மூச்சு வேண்டும். நாலடி நடந்தார்.

எதிரே சிக்னல் விழுந்து வண்டிகள் வந்தன. வந்தவை எல்லாம் அப்படியே நின்றன. ஒரு பஸ். இரண்டு கார். ஒரு பைக்.

எல்லாரும் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையாலும். பஸ் டிரைவரின் வாய் கண்ணாடிக்குப் பின்னால் அகலத் திறந்து கத்தியது.

ஒரு சத்தமும் இல்லை.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் அவர் தலைக்கு மேலே, பின்னால், உயரத்தில் எதையோ பார்த்து நிலைகுத்தி நின்றன.

அவர் பிடரியில் டீசல் வாடையோடு சூடாக மூச்சு பட்டது.