பத்து நிமிடத்தில் காயும் செடி

இசக்கியம்மாளின் செடி இன்றைக்கும் காயவில்லை. காலையில் இருபது நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, தலைகீழாகப் பிடித்து உதறி, கம்பியில் மாட்டியாயிற்று. நாலு மணி நேரத்தில் காய வேண்டும் என்கிறது கையேடு. சமையற்கூட வேலைக்குப் போய்விட்டு ஒன்பது மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், இலைகளின் அடியில் ஈரம் அப்படியே நிற்கிறது. குருத்தின் அடிப்பக்கம் வேறு லேசாகக் கறுத்திருந்தது.

நிலவூரில் செடி என்றால் சும்மா அழகுக்கு இல்லை. மண்ணும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம், காற்றைக் குடித்தே வளரும் மூச்சுச்செடி அது. நிலாவின் பாறைக்குள் குடைந்த இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளிலும் வீட்டுக்கு ஒன்று தொங்கும். எதிர்ச் சுவரில் ஒரு கண் இருக்கும். காற்றாளி என்ற இயந்திரம் அந்தக் கண் வழியாக இலையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பச்சை என்றால் அந்த வீட்டுக் காற்று நலம். ஊரே பச்சை என்றால் காற்று மிஞ்சிக் கிடக்கிறது என்று பெரிய விசிறியின் வேகத்தை ஒரு படி குறைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும். பல வீடுகளில் பழுப்பு என்றால் வேகத்தைக் கூட்டும். ஒரே வீட்டில் மட்டும் பழுப்பு என்றால், அது வளர்த்தவரின் அக்கறைக் குறைவு. மூன்று செடி சாகவிட்டவருக்கு அடுத்த கப்பலில் பூமிக்கு டிக்கெட்.

இசக்கியம்மாளுக்கு இது மூன்றாவது செடி.

முதல் இரண்டும் செத்ததற்குக் காரணம் செம்பு. நிலவூர்த் தமிழ்ச் சங்கம் வந்து இறங்குகிறவர்களுக்கெல்லாம் வாசலிலேயே ஒரு செப்புக் குடம் கொடுத்து வரவேற்கும். அதில் நிறைத்து வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று ஊரே குடித்தது. உடம்புக்கு நல்லது செடிக்கும் நல்லதுதானே என்று ஊரே செடியையும் அதிலேயே முக்கியது. செம்பு மூச்சுச்செடிக்கு விஷம் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டிருந்தது. கடைசிப் பக்கம் வரை யார் படிக்கிறார்கள்? இரண்டு செடி போன பிறகு இசக்கியம்மாள் படித்தாள். அன்று முதல் பீங்கான் கிண்ணம்தான்.

அப்படியிருந்தும் இது ஏன் கறுக்கிறது? மகள் நாச்சியார் ஆறு வாரத்தில் வந்து இறங்குகிறாள். இரண்டு வருடமாகக் காத்திருந்து கிடைத்த அனுமதி. இந்தச் செடியும் போனால் மகள் வரும் கப்பலிலேயே தாய் திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஆனால் அவள் அழுதுகொண்டு உட்காருகிற ரகமில்லை. மறுநாள் கைக்குட்டை ஒன்றை நனைத்துப் பிழிந்து செடிக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டு வேலைக்குப் போனாள். வந்து தொட்டால் அதுவும் ஈரம். அப்படியானால் குற்றம் செடியில் இல்லை. வந்த புதிதில் துவைத்த புடவை மத்தியானத்துக்குள் காய்ந்தது அவளுக்கு நினைவு வந்தது. காற்று நகரவில்லை. ஒரு மாதமாக எழுந்திருக்கும்போதே தலை கனக்கிறதே, அதுவும் இதனால்தானோ?

பக்கத்து வீட்டுத் தங்கத்துரை அண்ணாச்சியிடம் போய் அவர் செடி எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று கேட்டாள். நெற்றி நிறையத் தைலம் பூசிப் படுத்திருந்தவர், பத்தே நிமிஷம் என்றார் பெருமையாக.

கைக்குட்டை காயாத ஊரில் செடி பத்து நிமிடத்திலா? எட்டித் தொட்டுப் பார்த்தாள். பளபளவென்று பச்சை. நகத்தால் கீறினால் சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் வந்தது.

அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிற்று.

"ரெண்டு செடி செம்புல போச்சுல்லா, இசக்கி. மூணாவதும் போனா நான் எங்க போவேன்? பட்டறையில வார்த்துக் குடுக்கான். எல்லா வீட்டுலயும் இதுதான் தொங்குது. உனக்கு மட்டும்தான் தெரியல. யாருகிட்டயும் சொல்லிராத தாயி."

அவளுக்குக் கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. இத்தனை பேரில் கையேட்டை ஒழுங்காகப் படித்தவளுக்கா கப்பல் டிக்கெட்? உட்கார்ந்து யோசித்தபோதுதான் பயம் வந்தது. பிளாஸ்டிக் வாடாது. வாடாத பச்சையைப் பார்த்துப் பார்த்துக் காற்றாளி விசிறியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. நாச்சியார் வந்து படுக்கப்போவது இந்த அறையில்தான்.

இரண்டு நாளில் செடியின் குருத்து கையோடு வந்தது. செடிகளைக் கணக்கெடுக்கும் பசுமை அதிகாரி ரெஜினா தொடுதிரைப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இசக்கியம்மாள் ஈரக் கைக்குட்டையைக் காட்டி, காற்று நின்றுபோய்விட்டது என்று விளக்கினாள். இருநூற்றுப் பதினோரு வீடு பச்சையாக இருக்கும்போது உங்கள் வீட்டுக்கு மட்டும் காற்று வரவில்லையா என்று கேட்டார் அதிகாரி. கேட்டபடியே நெற்றிப்பொட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"உங்க வீட்டுச் செடி எவ்வளவு நேரத்துல காயுது, மேடம்?"

"பத்து நிமிஷம்," என்றார் ரெஜினா. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். ஆனால் விரல் அதற்குள் பலகையில் 'செத்தது' என்பதை அழுத்தியிருந்தது.

"உசுருள்ளதுன்னு இந்த ஊர்ல இருந்தது இது ஒண்ணுதான் மேடம்," என்றாள் இசக்கியம்மாள். "மத்தது எதுவும் சாவாது. நாமதான் சாவோம்."

ரெஜினா அவசர அவசரமாகப் பலகையைத் தட்டினார். செத்த செடியைப் பட்டியலில் திரும்பச் சேர்க்க வழியில்லை. விசிறியைக் கையால் கூட்டவும் வழியில்லை, காற்றாளியின் கண்ணுக்குப் பழுப்புத் தெரிந்தால்தான் கூடும். அதற்கு வீடுவீடாகப் பச்சைப் பிளாஸ்டிக்கைக் கழற்றி உயிர்ச்செடி மாட்ட வேண்டும், யாராவது முதலில் தொடங்க வேண்டும். கழற்றுகிறவருக்குக் கப்பல் டிக்கெட் நிச்சயம். யார் முதலில் என்ற கேள்வியோடு இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது சுவரிலிருந்து காற்றாளியின் குரல் கேட்டது. "பழுதான செடி ஒன்று நீக்கப்பட்டது. ஊரில் உள்ள எல்லாச் செடிகளும் பசுமை. குடிமக்களுக்கு வாழ்த்துகள். விசிறி ஒரு படி குறைக்கப்படுகிறது."

தூரத்தில் இரைச்சல் இறங்குவது காதில் விழுந்தது. ரெஜினா கட்டிலில் உட்கார்ந்து பலகையை மடியில் கவிழ்த்துக்கொண்டார்.

"உங்ககிட்ட தைலம் இருக்கா?" என்று கேட்டார்.