நூற்று முப்பத்திரண்டு

செவ்வாய்க்கிழமைதோறும் செய்வதைப்போலவே குப்பத்தின் சுகாதாரப் பணியாளர் வினோலியா கைகளைத் துடைத்துக்கொண்டு, அமலியின் எட்டு மாத வயிற்றில் ஜெல்லைத் தாராளமாகப் பூசினாள். இடையில் காற்று புகுந்தால் ஒலி உள்ளே போகாது. பத்து நாள் பயிற்சியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதி இதுதான்.

வயிற்றில் வைத்துப் பார்க்கும் ஒலிக்கோலில் படம் வராது. வயிற்றிலிருப்பது பெண்ணா என்று பார்த்துக் கலைப்பவர்கள் பெருகியதால், வினோலியா பிறப்பதற்கு முன்பே சட்டம் திரையை எடுத்துவிட்டது. படத்தைக் கோலுக்குள்ளிருக்கும் கணிப்பி மட்டும் பார்க்கும். வெளியே தெரிவது ஓர் எண்ணும் துடிப்புக்குத் துடிப்பு சிமிட்டும் ஒரு விளக்கும். பச்சை என்றால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு என்றால், கடல் சூழ்ந்துவிட்ட இந்தக் குப்பத்துக்கு மருத்துவப் படகு தானாகக் கிளம்பிவிடும்.

நேற்று மாலையிலிருந்து பிள்ளை அசையவில்லை என்று அமலி சொல்லியிருந்தாள். விளக்கோ பச்சை. இதயத்துடிப்பு நூற்று முப்பத்திரண்டு. பிள்ளைக்குச் சரியான எண்தான்.

பழக்கத்தில் வினோலியா அமலியின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி விளக்கோடு சேர்ந்தே அடித்தது. ஒரு துடிப்புகூடப் பிசகவில்லை.

பயத்தில் அமலிக்கு நெஞ்சு இப்படி அடிக்கிறது. கணிப்பி அதைப் பிள்ளையின் துடிப்பென்று எண்ணிக்கொண்டிருக்கிறது. கோலை நகர்த்தினாள், சாய்த்தாள், அழுத்தினாள். எங்கே வைத்தாலும் அதே எண். வாசலுக்கு வெளியே போய்த் தலைமை நிலையத்தை அழைத்தாள். பச்சைக்குப் படகு அனுப்ப விதியில்லை, நூற்றுப்பத்துக்குக் கீழே இறங்கட்டும் என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

பயம் இறங்கினால் எண்ணும் இறங்கும். உள்ளே வந்து கோலை மறுபடி வயிற்றில் வைத்தாள்.

“என்னக்கா, பேச்சையே காணோம்?” என்றாள் அமலி.

“பிள்ளை தூங்குது. கண்ணை மூடிக்கிட்டு மூச்சை மெதுவா விடு.”

“சத்தியமா?”

“சத்தியமா.” தன் குரல் நடுங்காததே வினோலியாவுக்குப் பயமாக இருந்தது.

“அப்பனை மாதிரியே தூங்குமூஞ்சி,” என்று அமலி சிரித்துக்கொண்டே கண்ணை மூடினாள்.

நாடி இறங்கத் தொடங்கியது. அது மட்டும் இறங்கட்டும், எண் அப்படியே நிற்கட்டும் என்று வினோலியா வேண்டிக்கொண்டாள். நான் நினைத்தது தப்பாகவே இருக்கட்டும்.

நூற்று இருபத்தைந்து. நூற்றுப் பதினேழு.

நூற்று ஒன்பதில் விளக்கு சிவந்தது. படகு கிளம்பிவிட்டதென்று துறையில் சங்கு ஊதியது.

அமலி கண்ணைத் திறக்கவில்லை. உதட்டில் சிரிப்பு இன்னும் இருந்தது.

“பாவம், யாருக்குக்கா படகு வருது?” என்று கேட்டாள்.