ஊருக்கு ஒரே வாயிலோன்

தையற்கடைக்காரர் கத்தரிக்கோலை வாடிக்கையாளரின் தோளில் இறக்கிவிட்டார் என்று உடன் வேலை செய்யும் யூசுப் தொலைபேசியில் சொன்னதைச் செங்கமலத்தால் நம்ப முடியவில்லை. கோவையில் அப்படி நடக்க வழியே இல்லை. வளர்ந்தவர்கள் எல்லோர் பிடரியிலும் நரம்பிழை என்ற மெல்லிய கருவி இருந்தது. கையோ காலோ நாக்கோ அசைய வேண்டுமென்றால் அந்த எண்ணம் முதலில் எண்ண வாயிலுக்குப் போகும். அங்கே வாயிலோன் என்ற நிரல் அதை இடைமறித்து, தீங்கில்லை என்று கண்டபிறகே விடும். அவனை எழுதியவளே செங்கமலம்தான்.

"பதிவைப் பாத்துட்டேனுங்க அக்கா. அவருக்கு ஒரு நொடி முன்னால ஒரு அம்மா வெண்டக்கா நறுக்க நெனச்சிருக்காங்க. அவங்களுக்குக் கெடச்ச அனுமதி இவருக்குப் போயிருச்சு. ஆளோட பேரை எங்கீங்க வெச்சீங்க?"

செங்கமலத்துக்குத் தன் பிழை புரிந்தது. யாருடைய எண்ணம் என்பதை எண்ணத்தோடு சேர்த்து அனுப்பாமல், வாயிலோனின் நினைவில் ஒரே ஓர் இடத்தில் வைத்திருந்தாள். முதல் ஆளைச் சோதித்து முடிப்பதற்குள் அடுத்தவர் நுழைந்தால் பழைய பெயர் அழிந்து புதுப்பெயர் ஏறிவிடும். சோதனைக்கூடத்தில் எல்லோரும் மரியாதையாக ஒவ்வொருவராகக் கையைத் தூக்கியதால் இது தெரியவே இல்லை.

சமையல்மேடையில் கணவன் மாறன் பப்பாளி நறுக்கிக்கொண்டிருந்தான். காலைச் சண்டையின் கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. கோபத்தை அடக்கும் பழக்கம் இந்த ஊரில் யாருக்கும் இல்லை. அதை வாயிலோன் பார்த்துக்கொள்வான் என்று விட்டு வெகுகாலம் ஆயிற்று. மாறனுடைய கையிலிருந்த கத்தியை அவள் முதல்முறையாகப் பயத்தோடு பார்த்தாள்.

"ஒவ்வொரு எண்ணத்தோடவும் பேரைக் கூட்டி அனுப்புற மாதிரி எல்லாத்தையும் மாத்தி எழுதோணும். சாயங்காலம் ஆயிரும். அதுவரைக்கும் வாயிலுக்குத் தாழ் போட்டர்றேன். ஒருத்தர் வெளிய போனாத்தான் அடுத்தவர் உள்ள."

"வேண்டாங்க அக்கா! ஊரே வரிசையில நிக்கோணும்."

மாறன் கத்தியோடு திரும்பினான். அவள் பதறிப்போய்க் கணினியில் தாழுக்கான விசையை அழுத்திவிட்டாள்.

அவன் அப்படியே நின்றான். அப்பாடா என்றிருந்தது. மேசையிலிருந்த தேநீரை எடுக்க நினைத்தாள். கை வரவில்லை. யூசுப்பின் பேச்சு பாதிச் சொல்லில் அறுந்திருந்தது. தெருவில் நடந்துகொண்டிருந்தவர்களின் காலடிச் சத்தமும் நின்றுபோயிருந்தது.

நரம்பிழை பொருத்தாத வயது யாழிசைக்கு. செங்கமலத்தின் ஒன்றரை வயது மகள் அவள். குழந்தை சிரித்துக்கொண்டே தத்தித்தத்திப் பால்கனிக்குப் போய், அங்கிருந்த முக்காலியில் ஏறியது. ஐந்தாம் மாடி. எழுந்திரு, ஓடு என்று செங்கமலம் தன்னையே விரட்டினாள். அந்த எண்ணமும் வாயிலுக்குப் போய், லட்சக்கணக்கான எண்ணங்களுக்குப் பின்னால் நின்றது. கத்த நினைத்தாள், தாழை நீக்க நினைத்தாள். அவை அதற்கும் பின்னால் போய் நின்றன.

குழந்தை கைப்பிடிச் சுவரில் வயிற்றை வைத்து வெளியே சாய்ந்தது. அப்போது செங்கமலத்தின் முறை வந்தது. இந்தத் தடவை ஆள் மாறவில்லை. வாயிலோன் சரியான பெயருக்கு, கேட்ட வரிசையிலேயே அனுமதி தந்தான். அவளுடைய கை நீண்டு தேநீர்க் கோப்பையை எடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் உதட்டருகே கொண்டுவந்தது.