கோயிலில் வாசித்த பெயர்

"அது ஏசிக்குப் போடுற மெல்லிசுக் குழாய் தங்கச்சி... வீட்டுத் தண்ணிக்குச் சரிவராது!"

தங்கச்சியா? றொஷேல் வெடுக்கென்று திரும்பினாள். கடை வாசலில், மழையில் நனைந்த தலையோடு ஒருவன். கண்கள் மட்டும் சிரித்தன... பொல்லாத கண்கள்!

"உங்களிட்ட ஆர் கேட்டது?" என்றாள். ஆனாலும் அவன் காட்டிய தடித்த செப்புக் குழாயைத்தான் வாங்கினாள்.

மறுநாள் பள்ளிமுனை வீட்டுக்கு அப்பா சிங்கராசா பிடித்த பிளம்பராக வந்து நின்றவனும் அவனேதான். நானாட்டான் ஊர் நிரூபன். உப்புத்தண்ணீர் தின்ற பழைய இரும்புக் குழாய்களைக் கழற்றியவன், "ஒரு துண்டு பாண் தாறீங்களோ?" என்றான். பாவம், பசியாக்கும் என்று சம்பலோடு கொண்டுவந்தாள். அவனோ பாணைப் பிய்த்துக் குழாய்க்குள் அடைத்தான்.

"பொருத்துற இடத்தில தண்ணி கசிஞ்சா ஈயம் பிடிக்காது. பாண் மறிச்சு வைக்கும், பிறகு கரைஞ்சு போயிடும்."

"அப்ப சம்பல்?"

"அது எனக்கு..."

சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு மனதும் போய்விட்டது.

ஆனால் சுடுதண்ணீர்க் குழாய் வரை இத்தனை வேலையும் அவளுக்குப் பேசிய லண்டன் மாப்பிள்ளைக்காக. அப்பா அதை வேலைக்கு வந்தவனிடம் மூச்சுவிடவில்லை. 'உன்னைப் பிடிச்சிருக்கு' என்று தானாகச் சொல்ல அவளது ரோஷம் விடுமா? சனிக்கிழமை, அவன் குழாய் ஒட்டும் காஸ் நெருப்பைப் பார்த்தபடி சொன்னாள்.

"நாளைக்குக் கோயில்ல என்ர பேர் வாசிப்பினம்."

கலியாணம் செய்யப் போகிறவர்களின் பெயரைப் பூசையில் வாசித்து, தடையிருந்தால் சொல்லுங்கள் என்று பாதர் மூன்று ஞாயிறும் கேட்பார். இவன் தடுப்பானா...?

"நல்லதுதானே, வாசிக்கட்டும்!" என்று சிரித்தான் அவன்.

அவ்வளவுதானா! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. தேத்தண்ணீரை அம்மாதான் கொடுத்தார். மூன்று ஞாயிறும் போயின.

கடைசி நாள். எல்லாக் குழாயிலும் தண்ணீர் வந்தது. வாசல் படலையில் அவளைக் கண்டதும் நிரூபன் தயங்கி நின்றான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து கேக்கட்டோ?"

"இப்பவோ கேக்கிறியள்? பேர் வாசிக்கினம் எண்டு சொன்னனே... நல்லது எண்டனீங்கள்!"

"ஓம்... பிறந்தநாள் அர்ச்சனை எண்டு நினைச்சன். எங்கட கோயில்ல அதுக்குத்தானே பேர் சொல்லுறவை. நானும் பிள்ளையாரிட்ட உங்கட பேருக்கு ஒண்டு செய்தனான். நட்சத்திரம் தெரியாது... பேரை மட்டும் சொன்னனான்."



"அது கலியாணத்துக்கு வாசிக்கிறது. புதன்கிழமை கலியாணம்."

அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

"எனக்கும் உங்களைப் பிடிக்கும்," என்றாள் மெல்ல. "நீங்கள் வந்து தடை சொல்லுவியள் எண்டு மூண்டு ஞாயிறும் கோயில் வாசலைத் திரும்பித் திரும்பிப் பாத்தனான்..."

உள்ளே அப்பா, சுடுதண்ணீர் நன்றாக வருகிறதென்று அவளைச் சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.